செங்கல் அனுப்பிய மூன்று கொட்டேஷன்

கரையான்சாவடியில் பரோட்டா கடைக்கு மேல் மாடிதான் எங்கள் கம்பெனி. முதலாளி செங்கல்வராயன், ஒரே ஊழியர் மதிவதனியாகிய நான். கல்லூரியில் ஒன்றாகப் படித்ததால் 'செங்கல்' என்றுதான் கூப்பிடுவேன். சம்பளம் வராத மாதங்களில் வேறு பெயர்களும் உண்டு.

அரசு அலுவலகம் எதை வாங்கினாலும் மூன்று இடங்களில் விலை கேட்க வேண்டும் என்பது விதி. வழக்கம் வேறு. விற்கிற ஆளே தன் கொட்டேஷனோடு, மச்சான் பெயரில் ஒன்று, பக்கத்துக் கடை பெயரில் ஒன்று என்று விலையைக் கூட்டிப் போட்டு மூன்றையும் கொண்டுவந்து வைத்துவிடுவார். இந்தத் தில்லுமுல்லைப் பிடிக்கிற ஏஐ மென்பொருளைத்தான் செங்கல் உருவாக்கியிருந்தான். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிக் கொஞ்ச மாட்டார்கள். வாங்கத்தான் நாதியில்லை. இந்த மாதமும் ஆர்டர் வராவிட்டால் கம்பெனிக்குப் பூட்டு. அவன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தன் பழைய மேனேஜரிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

கடைசியில் ஒரு அலுவலகம் மனமிரங்கியது. அங்கே கொள்முதலைப் பார்த்துக்கொள்ளும் ஞானகுமாரி மேடம் அன்பாகச் சொன்னார்.

"நல்லா இருக்குப்பா உன் சாஃப்ட்வேர். உன் கொட்டேஷன் ஒண்ணு, கூட ரெண்டு. மூணையும் நீயே மெயில்ல அனுப்பிடு."

"மேடம், இத்த புடிக்கத்தானே சாஃப்ட்வேரே செஞ்சிகீறேன்."

"தாராளமா புடி. முதல்ல ஃபைல் நகரணும்ல."

வெளியே ஒரு டீ குடித்து முடிக்கும்வரை செங்கல் நியாயம் பேசினான். பிறகு மாடிக்குத் திரும்பி, மச்சான் விஜய் பெயரில் ஒன்றும் கீழே பரோட்டா கடைக்காரர் பெயரில் ஒன்றும் தட்டி அனுப்பினான். பரோட்டா கடைக்காரர் மென்பொருள் விற்பது அவனுக்கு விசித்திரமாகப் படவில்லை.

அடுத்த வாரம் அதிகாரி உலகநாதன் முன்னால் செய்து காட்டப் போனோம். செங்கல் மாதிரி ஃபைல்களை எடுத்தான்.

"உன் ஃபைல் எதுக்குப்பா? எங்க ஃபைல்ல போட்டுக் காட்டு" என்றார் அவர்.

மேடம் தன் கம்ப்யூட்டரில் கைக்குக் கிடைத்த கடைசி ஃபைலை உள்ளே போட்டார். அது எங்களுடையது. செங்கல் பிளக்கைப் பார்த்தான். அது தூரத்தில் இருந்தது.

திரையில் சிவப்பாக வந்தது: 'மூன்றும் ஒரே கம்ப்யூட்டரில் ஒரே ஆள் தயாரித்தவை. வாங்க வேண்டாம்.'

அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. செங்கல் முகத்தில் மட்டும், சத்தியமாகச் சொல்கிறேன், பெருமை.

"நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார் உலகநாதன். "இத வாங்கிட்டா அப்புறம் இந்த ஆபீஸ்ல ஒரு நாற்காலிகூட வாங்க முடியாதுப்பா. போயிட்டு வாங்க."

கம்பெனி முடிந்தது என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன். பின்னாலேயே ஒருவர் ஓடிவந்தார். நாற்காலி சப்ளை செய்யும் சுப்பராயன். வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். கையில் மூன்று கவர்கள்.

"நைனா, அத்த எனக்குக் குடேன். உள்ள குடுக்கறதுக்கு முன்னாடி போட்டுப் பாத்துக்கறேன். எங்க மாட்டுதோ, அங்க சரி பண்ணிக்கலாம்ல."

செங்கல் அடித்துவிடுவான் என்றுதான் பயந்தேன். அவன் என்னைப் பார்த்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. சம்பளம் வரும் என்ற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் தலையாட்டினேன்.

"எத்தினி கொட்டேஷன் வோணும்?" என்று கேட்டான் செங்கல்.

"எனக்கு எதுக்கு நைனா மூணு?" என்றார் சுப்பராயன். "சொந்தத் துட்டுல வாங்கறேன். ஒண்ணு போதும்."