உத்தரத்தின் சொந்த எடை

கணவர் இறந்த பிறகு அலுவலகத்தில் மிச்சம் இரண்டே பேர்: அவளும், அவருடைய தம்பியும். கட்டடங்களின் தூணுக்கும் உத்தரத்துக்கும் கணக்குப் போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகம். கணக்கெல்லாம் அவரே செய்து வைத்திருந்த எக்செல் தாளில்தான் நடந்தது. அதற்குள் எந்தக் கட்டத்தோடு எந்தக் கட்டத்துக்கு முடிச்சு என்பது அவருக்குத்தான் வெளிச்சம். இனி அதை வைத்து ஓட்ட முடியாது, ஒரு மென்பொருள் வாங்கியே ஆகவேண்டும்.

கொழுந்தன் இரண்டைப் பொறுக்கியெடுத்துச் சோதனைக்கு இறக்கி வைத்திருந்தான். ஒன்று உத்தரத்தைக் கலர் கலராகச் சுழற்றிக் காட்டும். மற்றதில் வெள்ளைத் திரையில் ஒரு கோடு, கீழே எண்கள், அவ்வளவுதான்.

"அண்ணி, இதுல பீம் வளையுறதே படம் மாதிரி ஓடுது பாருங்க. அது என்னவோ கரண்ட் பில்லு மாதிரி இருக்கு."

"எனக்கு பில்லே போதும்ப்பா. படம் பாக்கறதுக்கா ஆபீஸ் வரோம்?"

சோதித்துப் பார்க்க, அவர் கடைசியாக முடித்த வேலையையே எடுத்தார்கள். ஒரு நூலகத்தின் வாசிப்புக் கூடத்துக்கு மேலே போகும் நீளமான உத்தரம். அவள் வழக்கம்போலச் சுமைகளை ஒவ்வொன்றாக உள்ளிட்டாள். வெள்ளைத் திரை, அவருடைய தாள் சொன்னதையே சொன்னது. கலர்க்காரன் உத்தரம் தாங்கவேண்டிய பாரத்தை ஆறில் ஒரு பங்கு கூட்டிச் சொன்னான். அடிக்கம்பி போதாது என்று உத்தரத்தின் வயிற்றைச் சிவப்பாக்கிக் காட்டினான்.

அந்த நேரம் பார்த்துக் காண்ட்ராக்டர் கூப்பிட்டார்.

"மேடம், நூலகத்துல கம்பி கட்டி முடிச்சாச்சு. நாளைக்குக் கான்கிரீட் போட்டுடலாம்ல? சார் இருந்தா ஒத்த வார்த்தைல சொல்லிடுவாரு."

"கொஞ்சம் பொறுங்க, நானே கூப்பிடறேன்."

கான்கிரீட் விழுந்துவிட்டால் உள்ளே இருக்கும் கம்பியை யாரும் மாற்ற முடியாது. அதன் கீழே மேசை போட்டுப் பிள்ளைகள் படிப்பார்கள்.

"அண்ணன் தப்பு பண்ணியிருக்க மாட்டாரு அண்ணி."

"கணக்குப் போட்டது உங்க அண்ணன்னு பீமுக்குத் தெரியுமா?"

அவள் மறுபடி உள்ளிட்டாள், மறுபடி சிவப்பு. சரி, முதலிலிருந்து வருவோம் என்று எல்லாச் சுமைகளையும் அழித்தாள். அழித்த கையோடு, ஏனென்று தெரியாமல், ஓடவிடும் பொத்தானையும் தட்டிவிட்டாள்.

சுமையே இல்லாத உத்தரம் நடுவில் மெல்லத் தொங்கியது.

"என்னடா இது, ஒண்ணுமே ஏத்தல. எதுக்குத் தொங்குது?"

வெள்ளைத் திரையிலும் அதையே செய்தாள். அங்கே கோடு கோடாகவே கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. கலர்க்காரன் உத்தரத்தின் சொந்த எடையைத் தானே சேர்த்துக்கொள்கிறான். அவர்கள் அலுவலகத்திலோ அதைக் கையால் போடுவதுதான் முதல் வரி. "முதல்ல பீமை எடை போடு, அப்புறம் ஊரை எடை போடலாம்" என்று அவர் சொல்லிச் சொல்லி, அவள் விரல் யோசிக்காமலே அதைத்தான் முதலில் அடிக்கும். ஒரே எடை இரண்டு முறை ஏறியிருக்கிறது.

சுமைகளைத் திரும்பப் போட்டாள், அந்த முதல் வரியை மட்டும் விட்டுவிட்டு. சிவப்பு போயிற்று. மூன்று கணக்கும் ஒன்றாய் நின்றன. கொழுந்தன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

அவள் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டாள். "போடுங்க. சார் கணக்கு சரியாத்தான் இருக்கு."

திரும்பி வந்தவன் கண்ணைத் துடைத்திருந்தான். "அப்ப உங்க பில்லையே வாங்கிடறேன் அண்ணி. நம்ம பழக்கத்துக்கு அதுதான் ஒத்துவரும்."

"வேண்டாம். உன் படத்தையே வாங்கு."

"காலைலேருந்து அதைத் திட்டினீங்களே!"

"திட்டினேன். ஆனா அவர் போனதுலேருந்து எனக்கு ஒண்ணும் நினைவுல நிக்கறதில்ல. நேத்துக் கதவைப் பூட்டாமலே வந்துட்டேன். நீ என்னைவிட மோசம். உன் படத்துல பழக்க தோஷத்துல பீமோட எடையை ரெண்டு தடவை போட்டா கம்பி கொஞ்சம் கூடும், காண்ட்ராக்டர் நம்மளத் திட்டுவாரு. அந்த பில்லுல ஒரு தடவை போட மறந்தா பீமே விழுந்துடும், திட்டறதுக்குக் கீழ ஆள் இருக்காது."

அவன் வெள்ளைத் திரையை மூடினான்.