மேட்டுப் பக்கம்

மரகதமணியின் பஸ் பின்பக்கமாக நான்கு விரற்கடை சாய்ந்து நின்றதால், அவள் வீட்டுக்காரர் நடராசு காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தார். சாய்ந்த வண்டியில் அது சகஜம். டம்ளர் போகும், செருப்பு போகும், ஆளும் போவார்.

அது ஒரு மினிபஸ். நடராசு இருபத்தாறு வருஷம் ஓட்டியது. அவர் ஓய்வு பெற்ற அன்றைக்கே அதுவும் ஓய்வு பெற்றது. புருஷனும் பெண்டாட்டியும் சீட்டுகளைக் கழற்றிப்போட்டு, முன்பக்கம் அடுப்பு, பின்பக்கம் கட்டில் என்று வீடாக்கிக்கொண்டார்கள். நேற்று மலையேறி வந்து, இந்த முகாம் மைதானத்தில் எட்டாம் எண் இடத்தில் நிறுத்தினார்கள்.

அடுப்புக்கும் கட்டிலுக்கும் நேற்று ஏழு அடி. இன்று காலையில் ஒரு பஸ் ஸ்டாண்டு நீளம் ஆகிவிட்டது.

சாய்வை முதலில் காட்டிக்கொடுத்தது தோசைதான். கல்லின் நடுவில் ஊற்றிய மாவு பின்பக்கமாக நகர்ந்துபோய் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது. ஒரு பாதி அப்பளம், ஒரு பாதி அடை. மரகதமணி அதைத் தட்டில் போட்டுத் தரையில் வைத்தாள். தட்டு தானாகக் கட்டிலைப் பார்த்துக் கிளம்பியது.

"வந்துச்சுங்களா?" என்று கத்தினாள்.

"வந்துச்சு மணி. சட்னி?"

சட்னிக் கிண்ணமும் கிளம்பிப் போனது. போனது எதுவும் திரும்பி வரவில்லை.

மைதானத்து வாசலில் ஒரு போர்டு இருந்தது. வண்டிகளை மட்டமாக நிறுத்தவும். சாய்வில் உள்ள பொருட்கள் மாலை ஐந்து மணிக்குக் கீழ்முகாமுக்குச் சேரும். அதன் அடியில் சின்ன எழுத்தில், பொருட்கள் என்றால் ஆட்களும். கீழ்முகாம் எங்கே இருக்கிறது என்று போடவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மட்டம் பார்க்கும் அலுவலர் அனந்தகுமார் மேலே இருந்த ஆபீசிலிருந்து இறங்கி வந்தார். ரசமட்டத்தைப் பஸ்ஸின் தரையில் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நட்டநடுவில் நின்றது.

"மட்டமாத்தானுங்க இருக்குது" என்றார்.

மரகதமணி குனிந்து பார்த்தாள். குமிழி பேனாவால் வரைந்தது.

"நெசக் குமிழி எங்கீங்க?"

"அது மெடிக்கல் லீவுங்க."

"அப்பறம் என்ற ஊட்டுக்காரரு எதுக்குங்க தூரமாப் போயிட்டிருக்காரு?"

"அது உங்க குடும்ப விசயமுங்க."

மரகதமணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இருபது வருஷம் கட்டட வேலைக்குப் போனவள் அவள். கட்டடத்தில் மட்டம் பார்க்கும் நீளமான டியூப்பை எடுத்துத் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை டிரைவர் சீட்டருகில் கட்டினாள். மறுமுனை கட்டில் பக்கம் தானாகவே ஓடியது. எத்தனை அஸ்திவாரத்துக்கு அந்தத் தண்ணீரை நம்பி நூல் கட்டியிருக்கிறாள். பின்பக்கம் தண்ணீர் பொங்கி நடராசுவின் வேட்டியை நனைத்தது.

"பாருங்க, தண்ணி சொல்லுது."

"தண்ணி எங்ககிட்டப் பதிவு பண்ணலீங்க" என்றார் அனந்தகுமார். "நீங்க சாஞ்சு நின்னு பாக்கறீங்க. நிமுந்து நின்னு பாருங்க." வேண்டுமானால் கட்டை தருவதாகவும் சொன்னார். கட்டைக்கு ஒரு படிவம். அதில் ஒரே கேள்வி இருந்தது. நீங்கள் இங்கே இருக்கிறீர்களா, ஆம் எனில் எதற்கு? தோசை சுட என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதினேழு கட்டை கிடைத்தது.

ஜாக்கி போட்டுப் பின் டயரைத் தூக்கி, ஒரு கட்டை வைத்து இறக்கினாள். கட்டை என்ன உயரமோ அந்த அளவுக்குத் தரை கீழே போனது. இரண்டாவது வைத்தாள். தரை மரியாதையாக இன்னும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது. பதினேழையும் மண் விழுங்கிய பிறகும் பஸ் அதே நான்கு விரற்கடையில் நின்றது.

ஏழாம் இடத்து வேனிலிருந்து புஷ்பவேணி எட்டிப் பார்த்தாள். அவள் வேன் சாய்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவளும் அதே கோணத்தில்தான் நடப்பாள். டீயைப் பக்கவாட்டில் ஊற்றுவாள், சிந்தாது.

"எதுக்கக்கா கெடந்து அல்லாடறீங்க? பழகிக்குங்க."

"உங்க ஊட்டுக்காரரு எங்கீங்க?"

"கீழ்முகாம்ல. நல்லாத்தான் இருப்பாரு. போன ஆடிக்கு அவரோட ஒத்தைச் செருப்பு வந்துச்சு." அந்தச் செருப்பைக் கதவோரம் துடைத்து வைத்திருந்தாள்.

மரகதமணி பஸ்ஸுக்குள் ஓடினாள். மணி நாலு. நடராசு இப்போது ஒரு கடுகு அளவில் தெரிந்தார்.

"ஏனுங்க! கம்பியைப் புடிச்சுக்குங்க! விட்றாதீங்க!"

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "விடு மணி. இங்கயும் நல்லாத்தான் இருக்குது. காத்து வருது."

அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. கண் கலங்கிவிட்டது. முப்பத்தொரு வருஷக் குடும்பத்தில் இந்த மனுஷன் சட்னியில் உப்புக் குறைந்தால்கூட இரண்டு நாள் பேசுவார். அவரே இப்போது நல்லாத்தான் இருக்குது என்கிறார். இந்தத் தரை அவரை அரைவாசி தின்றுவிட்டது என்று தெரிந்துபோயிற்று.

கீழே இறங்கி இடுப்பில் கை வைத்து நின்றாள். எல்லாரும் தாழ்ந்த பக்கத்தையே தூக்கிக்கொண்டிருக்கிறோம். மேட்டுப் பக்கத்தை ஏன் ஒருத்தரும் தொடுவதில்லை?

டிக்கியிலிருந்து மண் வெட்டும் மம்முட்டியை எடுத்தாள். ஆபீசைப் பார்த்து நின்ற முன் டயருக்கு அடியில் ஓங்கிப் போட்டாள். மண் பொலபொலவென்று வந்தது. பஸ்ஸின் மூக்கு ஒரு விரற்கடை இறங்கியது.

மேலே ஆபீசில் ஒரு கண்ணாடி டம்ளர் உருண்டு உடைகிற சத்தம் கேட்டது.

அனந்தகுமார் ஜன்னலில் தலையை நீட்டினார். "ஏனுங்கம்மா, அங்க நோண்டக்கூடாதுங்க! அது ஆபீசோட மண்ணு!"

"என்ற டயருக்கடியிலதானுங்க இருக்குது."

"மேட்டுப் பக்கம் ரெக்கார்டுல வருதுங்க!"

"தாழ்ந்த பக்கம் வரலீங்களா?"

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். மரகதமணி வெட்டினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நெஞ்சு முட்ட முட்ட வெட்டினாள். ஆபீசில் அலமாரிகள் நகர்ந்தன. படிவங்கள் வாசல் வழியாக வரிசையாக இறங்கின. மூக்கு நாலாவது விரற்கடை இறங்கியபோது பஸ்ஸுக்குள் தட்டுகள் கலகலவென்று திரும்பி வந்தன. பின்னாலேயே கிண்ணம், பின்னாலேயே டம்ளர். கடைசியில் நனைந்த வேட்டியோடு நடராசு வந்து அடுப்படியில் முட்டி நின்றார். கையில் கம்பி இருந்தது, பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"மணி, அந்தச் சட்னில உப்பே இல்ல" என்றார்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மண் கையோடு அவர் கன்னத்தில் ஒரு இடி வைத்துவிட்டு, கல்லில் ஒரு கரண்டி மாவு ஊற்றினாள். மாவு எங்கும் போகவில்லை. தோசை வட்டமாக வந்தது.

மணி நாலே முக்கால். பஸ் வாசலில் அனந்தகுமார் மேசையோடு வந்து நின்றார். அவர் ஆபீஸ் முழுதாகச் சாய்ந்துவிட்டது. மேசை அவரைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது, கால்களை ஊன்றி மல்லுக்கட்டினார்.

"ஏனுங்கம்மா, ஒரு கட்டை இருந்தாக் குடுங்க. அஞ்சு மணி ஆகப்போகுது."

"கட்டை கேக்காதுங்க. பதினேழு வெச்சுப் பாத்துட்டேன்."

"அந்த மம்முட்டியாச்சும்."

மரகதமணி மம்முட்டியைத் தோளில் போட்டுக்கொண்டாள். ஏழாம் இடத்தில் புஷ்பவேணி ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவள் கழுத்து ஒரு நூல் நேரானது.

"உங்க வேனுக்கு மேட்டுப் பக்கம் எது அம்மிணி?"

புஷ்பவேணி கையை நீட்டிக் காட்டினாள். அதுவும் ஆபீஸ் பக்கம்தான்.

"தருவேனுங்க" என்றாள் மரகதமணி அனந்தகுமாரிடம். "இந்தப் புள்ளைக்கு வெட்டிட்டுத் தருவேன். அதுவரைக்கும் நிமுந்து நில்லுங்க."