ஃப்ளெக்ஸில் இரண்டு வரி

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் திரும்பும் முனையில், இஸ்திரி வண்டிக்கு மேலே அந்த ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்தார்கள். ரத்தினபாய் காய்கறிப் பையோடு நின்று படித்தாள். படிக்க அதில் அதிகம் இல்லை. முக்கால்வாசி இடத்தை மகன் ஆரோனின் படம் அடைத்துக்கொண்டிருந்தது. சீருடையில், நெஞ்சை நிமிர்த்தி, சாலையில் போகிற எல்லோரையும் பார்க்கிற மாதிரி. மேலே மூவர்ணப் பட்டை. கீழே தங்க நிறத்தில் இரண்டே வரி:

மடித்த கொடியை என் கையில் தந்தார்கள்.
பெருமைப்படுங்கள் அம்மா என்றார்கள்.

அதோடு சரி. அதற்கும் கீழே குடியிருப்போர் சங்க நிர்வாகிகளின் பெயர்கள், பதவியோடு, கவிதையைவிட நீளமாக.

அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. அவள் கொடுத்தது முழுக் கவிதை. இந்த இரண்டு வரியைச் சொல்லத்தான் அந்தக் கவிதை எழுதப்பட்டது என்று யாராவது நினைத்தால், அதைவிடக் கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

ஆரோன் எல்லையில் ஒரு மலைமேல் குண்டடிபட்டு இறந்து, வருகிற சனிக்கிழமையோடு ஐந்து வருடம். இருபத்து மூன்று வயது. வருடா வருடம் அந்த நாளில் சபையில் நினைவு ஆராதனை நடக்கும். சங்கத்தின் சார்பில் முனையில் ஃப்ளெக்ஸ் வைப்பார்கள், குடியரசு தினம்வரை இருக்கும். நான்கு வருடமும் ‘வீரவணக்கம்’ என்றுதான் போட்டார்கள். ரத்தினபாய் ஒன்றும் சொன்னதில்லை. டெலிபோன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பேசுவதைவிடப் படிப்பது அதிகம். இந்த வருடம் ஒரு சிற்றிதழில் அந்தக் கவிதை கண்ணில் பட்டது. எழுதியவள் யாரென்று தெரியாது. ஆனால் மூன்றாவது வரியில் ரத்தினபாய்க்கு மூச்சு நின்றது. ‘போர்வையைக்கூட ஒருநாளும் மடித்ததில்லை அவன்.’ ஆரோனும் மடித்ததில்லை. அதற்காக அவனை அவள் திட்டாத காலை இல்லை.

பிரதி எடுத்து, சபைக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று என்று கொடுத்தாள். இந்த ஒரு வருடமாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும், முழுதாக. அவ்வளவுதான் அவள் கேட்டது.

சங்கச் செயலாளர் தோத்தாத்ரி எதிர் வரிசையிலேயே குடியிருந்தார். வங்கியில் அதிகாரியாக இருந்தவர். வாசலில் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் சந்தோஷமாக நிமிர்ந்தார்.

“பாத்தேளா மேடம்? கலர் எப்படி? இந்தத் தடவை டிசைனருக்கு நானே பக்கத்துல உக்காந்து சொன்னேன்.”

“மிச்சக் கவிதை எங்க சார்?”

“அதான் சாரம் வந்துடுத்தே. ரெண்டு லைன் போதும் மேடம். அதுக்கு மேல பைக்ல போறவன் படிக்கமாட்டான்.”

“சாரம் அதில இல்ல சார். அதுக்கப்புறந்தான் கவிதையே இருக்கு.”

தோத்தாத்ரி குரலைத் தாழ்த்தினார். “உண்மையைச் சொல்லட்டுமா? பின்னாடி கொஞ்சம் நெகடிவ்வா போயிடறது. அந்தப் பக்கத்து அம்மா, அது இதுன்னு. ஆரோன் இந்தக் காலனிக்கே ஹீரோ. நம்மாத்துப் பையன் மாதிரி. அவனுக்குப் போய் அப்படி...”

“அது அவனைப் பத்தித்தான் சார்.”

“அதனாலதான் மேடம் சொல்றேன்,” என்றார் அவர், மிகுந்த பரிவோடு.

அவள் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கெட்ட மனிதராக இருந்தால் சண்டையாவது போடலாம்.

வீட்டில் தனசிங் செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரயில்வே அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற கணவர். காலையிலேயே நடந்துபோய் ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

“போட்டோ இந்தத் தடவதான் நல்லா பெருசா வந்திருக்கு,” என்றார். “நான்தான் சொன்னேன். போன வருஷம் தலையெல்லாம் சங்கத்துக்காரங்க தலைதான். புள்ளையத் தேட வேண்டியிருந்துது.”

“பத்து வரிய வெட்டிட்டாங்க. நீங்க பாக்கலையா?”

“பாத்தேன். இருக்கிற வரி நல்லாத்தானே இருக்கு?”

அவள் பையைக் கீழே வைத்தாள். தக்காளி ஒன்று உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. இருவரும் அதை எடுக்கவில்லை.

“பெருமைப்படுங்கன்னு சொன்னாங்கன்னு அவ எழுதுறா. பெருமைப்பட்டேன்னு எழுதல. அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியலையா?”

“நான் பெருமைதான் படுறேன்.”

“நான் அதை வேணாம்னு சொல்லலைங்க...”

“வேற என்ன சொல்ற? ஒரு மாசமா அந்தக் காகிதத்தக் கையில வச்சுக்கிட்டு என்னதான் சொல்ற? எல்லாம் வீணுன்னுதானே? நம்ம புள்ள எதுக்குச் செத்தான்னு யாருக்கும் தெரியாதுன்னுதானே?”

“அதைத்தான் அந்தக் கவிதை கேக்குது.”

“கேக்கறதுக்கு வேற ஆளே கெடைக்கலையா? நாமதான் கேக்கணுமா?”

அவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் லேசாக ஆடியது. ரத்தினபாய் குனிந்து தக்காளியைத் தேடினாள். நம்மைத் தவிர யார் கேட்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அந்தத் தாள் இன்னும் ஆடும். ஐந்து வருடமாக அவரை எழுப்பி, குளிக்க வைத்து, சட்டை போட வைத்தது பெருமை என்ற அந்த ஒரு சொல்தான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் எரிச்சல் அடங்கவில்லை.

சபையிலாவது முழுதாக வரும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மாலை ஆலய வாசலில் சபைச் செயலாளர் சுவிசேஷமுத்து ஆராதனைத் தாளை நீட்டினார். சபையின் எல்லாத் தாள்களையும் பல வருடமாக அவர்தான் தட்டச்சு செய்கிறார். கவிதை முழுதாக இருந்தது. ஒரு வரிகூடக் குறையவில்லை. அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று. பிறகுதான் இடது ஓரத்தைக் கவனித்தாள். முதல் வரிக்குப் பக்கத்தில் ‘போதகர்’. அடுத்த வரிக்குப் பக்கத்தில், தடித்த எழுத்தில், ‘சபையார்’. மறுபடி போதகர். மறுபடி சபையார். சங்கீதத்தை மாறி மாறி வாசிப்பதற்குப் பிரிப்பதுபோல் கவிதையை வரிக்கு வரி பிரித்திருந்தார். கடைசியில் கொட்டை எழுத்தில் ‘ஆமென்’.

“அண்ணா, என்ன இது?”

“ஏன் அக்கா, எழுத்துப்பிழை இருக்கா?”

“இது ஒரு அம்மா தனியாப் பேசுறது. ஒரே ஆள் வாசிக்கணும்.”

“நீங்க குடுத்தது சின்னச் சின்ன வரியா இருந்துச்சு. அப்படி இருந்தா பிரிச்சுடுவேன். சபையும் பங்கெடுக்கணும் இல்ல?”

“ஆமென் எங்கேர்ந்து வந்துச்சு? கவிதையில இல்லையே.”

சுவிசேஷமுத்து அவளைப் பாவமாகப் பார்த்தார். “ஆமென் இல்லாம எப்படிக்கா முடிக்கிறது? எப்ப உக்காரணும்னு ஜனங்களுக்குத் தெரியாதே.”

அதற்குள் மணி அடித்துவிட்டது.

முதல் பாட்டு, ஜெபம், பைபிள் வாசிப்பு எல்லாம் முடிந்தது. தோத்தாத்ரியும் சங்கத்துக்காரர்களும் பின்வரிசையில் மரியாதையாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். போதகர் வேதசிரோமணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “சகோதரி கொடுத்திருக்கும் இந்த அருமையான ஆறுதல் வார்த்தைகளை நாம் எழுந்து நின்று மாறி மாறி வாசிப்போம்,” என்றார்.

ஆறுதல் வார்த்தைகள். ரத்தினபாய் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள்.

“மடித்த கொடியை என் கையில் தந்தார்கள்,” என்றார் போதகர்.

“பெருமைப்படுங்கள் அம்மா என்றார்கள்,” என்றது சபை. எல்லோரும் சேர்ந்து அவளுக்கே சொன்னதுபோல் இருந்தது.

“போர்வையைக்கூட ஒருநாளும் மடித்ததில்லை அவன்.”

“யார் கற்றுக்கொடுத்தது இவ்வளவு அமைதியாகப் படுக்க?”

சங்கீதத்துக்கென்று சபையில் ஒரு ராகம் உண்டு. வரியின் நடுவில் கொஞ்சம் ஏறி, கடைசியில் அலுப்பாக இறங்கும். எதை வாசித்தாலும் அப்படித்தான். கேள்விகளெல்லாம் அந்த இறக்கத்தில் படுத்துவிட்டன. ஒரு கேள்விகூடக் கேள்வியாக ஒலிக்கவில்லை. பக்கத்தில் தனசிங், வழக்கம்போல, எல்லோருக்கும் அரை நொடி முன்னால் உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். சபையில் அது பெரிய கேலி. தனசிங் அண்ணன் பரலோகத்துக்கும் முதலில் போய்ச் சேர்ந்துவிடுவார் என்பார்கள்.

“மலைக்கு அந்தப் பக்கத்து அம்மாவே,” என்றார் போதகர்.

“உனக்கும் இதையேதான் சொன்னார்களா?”

“உன் மகனுக்கு என்ன பெயர்?”

“என் மகன் பெயரை...” என்று தனசிங்கின் குரல் முந்திக்கொண்டு எழுந்தது. அந்த அரை நொடியில் ஆலயம் முழுக்க அவர் குரல் மட்டும்தான் இருந்தது. என் மகன் பெயரை. அங்கேயே அது நின்றுவிட்டது.

பின்னால் வந்த சபை அவரைத் தாண்டிப் போனது. “...உன்னிடம் யாராவது சொன்னார்களா?”

ரத்தினபாய் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவர் வாய் மூடியிருப்பது தெரிந்தது.

“வென்றோம் என்கிறார்கள் இங்கே.”

“வென்றோம் என்கிறார்களாமே அங்கேயும்.”

“என் வீட்டில் ஒரு தட்டு மிச்சம்.”

“உன் வீட்டில்? ஆமென்,” என்றது சபை, ஒரே மூச்சில், நிம்மதியாக. எல்லோரும் உட்கார்ந்தார்கள். தனசிங் மட்டும் தாளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவள் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்து வெளியே டீயும் பன்னும் கொடுத்தார்கள். வந்தவர்களெல்லாம் அவள் கையைப் பிடித்து, “ரொம்ப ஆறுதலா இருந்துச்சு,” என்றார்கள். போதகர் அடுத்த மாதப் பத்திரிகையில் இதைப் போடலாம் என்றார். தோத்தாத்ரி டீக்கோப்பையோடு வந்தார்.

“டச்சிங்கா இருந்தது மேடம். அதுவும் கடைசில எல்லாரும் சேர்ந்து ஆமென் சொன்னப்போ உடம்பே சிலிர்த்துடுத்து.”

ரத்தினபாய் வாயைத் திறந்தாள். ஒரு மாதமாக விளக்கியதில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். டீயைக் குடித்தாள். ஆறியிருந்தது.

அப்போது தனசிங் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தாள் கையில் கசங்கியிருந்தது. முகத்தில் கோபம்.

“ரத்னா, அந்தப் பையன் பேரு எங்க போட்டிருக்கு?”

“எந்தப் பையன்?”

“அந்தப் பக்கத்துப் பையன். பேரு என்னன்னு கேக்குது இல்ல? பதில் எங்க? திருப்பிப் பாத்தேன், பின்னாடி பாட்டுதான் இருக்கு.”

“இல்லைங்க. அவ்வளவுதான் கவிதை.”

“கேட்டுட்டு அப்படியே விட்டுட்டா எப்படி?” அவர் குரல் உயர்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். “அவனுக்கும் ஒரு பேரு வச்சிருப்பாங்க இல்ல? அவங்கப்பனும் எங்கயோ ஒரு தெருமுனையில போர்டு வச்சிருப்பான். பெருசா. எங்க பெருசா வைக்காம விட்டுடுவாங்களோன்னு கூடவே போய் நின்னிருப்பான்.”

“சார், அவா வேற, நாம வேற...” என்று தோத்தாத்ரி ஆரம்பித்தார்.

“எனக்குத் தெரியாதா சார்? குண்டு எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?”

தனசிங் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கசங்கிய தாளைத் தொடைமேல் வைத்து நீவினார். நீவி தோத்தாத்ரியிடம் நீட்டினார்.

“போர்டை மாத்துங்க. முழுசாப் போடுங்க.”

“எடம் பத்தாதே சார். போட்டோவே முக்கால்வாசி...”

“போட்டோவச் சின்னதாக்குங்க.”

தோத்தாத்ரி ரத்தினபாயைப் பார்த்தார். அவள் காலியான கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பைக்ல போறவன்...” என்றார் கடைசி முயற்சியாக.

“நிறுத்திப் படிக்கட்டும்,” என்றார் தனசிங். இரண்டடி போனவர் திரும்பி வந்தார். “கடைசில அந்த ஆமென் மட்டும் வேணாம் சார். அதை எடுத்துடுங்க.”