இரண்டாவது ப்ரோக்ராம்

"கழட்ட வேண்டாம் சார், காதுலயே இருக்கட்டும். அதுவா கம்ப்யூட்டரோட பேசிக்கும்," என்றார் காது பரிசோதிக்கும் அம்மா.

ஓய்வுபெற்ற அச்சகத்துக்காரருக்கு இது பிடிக்கவில்லை. தன் காதில் உட்கார்ந்துகொண்டு, தன்னைக் கேட்காமல் இன்னொன்றோடு பேசும் பொருளை எப்படி நம்புவது? பக்கத்து நாற்காலியில் மருமகள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நல்லவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளையும் அவர் நம்பவில்லை. அதற்கு மட்டும் ஆதாரம் இருந்தது.

முப்பத்திரண்டு வருஷம் அச்சு மெஷின் பக்கத்தில் நின்ற காது அது. கனத்த சத்தமெல்லாம் பத்திரமாக இருந்தது. மெல்லிய சத்தங்கள்தான் போய்விட்டன. மகன் பேசினால் கேட்கும், மருமகள் பேசினால் உதடு மட்டும் அசையும். இதை ஒரு குறை என்று அவர் ரொம்ப நாள் நினைக்கவே இல்லை. முன்பு வாங்கிய காது மெஷின் எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவுக்கு ஏற்றியது. அடுப்படியில் தட்டு விழுந்தால் மண்டைக்குள் விழுந்தது. மூன்று வாரம் முன்பு இந்தப் புதியதை மாட்டும்போது, "உங்கள மாதிரி காதுக்குத்தான் இது," என்றார் அந்த அம்மா. சோதனையில் வந்த கோட்டைப் பார்த்து, எந்தச் சுருதியில் எவ்வளவு குறைவோ அங்கே அவ்வளவு மட்டும் ஏற்றினார். அமைதியான அறைக்கு முதல் ப்ரோக்ராம், பொத்தானை அழுத்தினால் ஒரு பீப். இரைச்சலுக்கு நடுவே எதிரில் பேசுகிறவரை மட்டும் பிடிக்க இரண்டாவது ப்ரோக்ராம், இரண்டு பீப்.

அதை மாட்டிய அன்று சாயங்காலமே, ஓடுகிற குழாயையும் மீறி மருமகளின் குரல் வந்தது. "பின் ரூம காலி பண்ணிரலாம். அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

பின் ரூமில் இருப்பவை ஒரு கட்டில், ஓர் அலமாரி, அவர்.

முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தார். "ஒண்ணுமே கேக்கல, கழட்டி டப்பாவுல வச்சுட்டேன்," என்று வீட்டில் அறிவித்தார். கேட்காதவன் முன்னால்தானே தாராளமாகப் பேசுவார்கள். காதுவரை இழுத்துவிட்ட குல்லாயோடு, அடுப்படிக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு, இரண்டு பீப்பில் உட்கார்ந்தார். நல்ல வெயில் காலம். மூன்று வாரத்தில் சேர்ந்த தகவல்: மகனுக்கும் மேலதிகாரிக்கும் ஆகவில்லை, குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும், குளியலறை விளக்கை அணைக்காமல் வருவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். பின் ரூம் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. அதுதான் சந்தேகத்தை உறுதி செய்தது.

"எப்படி இருக்கு சார்?" என்று கேட்டார் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அந்த அம்மா.

"எங்கம்மா கேக்குது. போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். இங்க வர்றதுக்குத்தான் எடுத்து மாட்டினேன்."

அந்த அம்மா திரையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் போட்டிருக்கீங்களே சார். இது எல்லாத்தையும் குறிச்சு வச்சுக்கும். அதுலயும் முக்காவாசி ரெண்டாவது ப்ரோக்ராம். சத்தமான இடத்துல ஏதாவது வேலை பாக்கறீங்களா?"

"வேலைதாங்க," என்றாள் மருமகள். "லீவே எடுக்கறதில்ல."

காட்டிக்கொடுத்தது அந்த அம்மாவா, மெஷினா, இல்லை மருமகளையும் சேர்த்து மூவரும் கூட்டா என்று யோசித்துக்கொண்டே அவர் வீடு வந்து சேர்ந்தார்.

மகன் வேலையிலிருந்து வந்ததும் அவனும் மருமகளும் அடுப்படிக்குள் போனார்கள். அவர் பழக்கதோஷத்தில் குல்லாயை மாட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். நாற்காலி அங்கே இல்லை. அடுப்படிக்குள், இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே கிடந்தது.

"அங்கேருந்து கஷ்டப்பட வேண்டாம் மாமா. இங்கயே உக்காந்து கேளுங்க," என்றாள். "பின் ரூம் விஷயம்."

மகன் தலை நிமிரவில்லை. அவள் கையை நீட்டிக் குழாயை இறுக்கி மூடினாள். வாஷர் போன குழாய். ஒரு சொட்டு விழுந்தது, இன்னொன்று விழுந்தது, அப்புறம் நின்றது. நிலைப்படியில் நின்றபடி அவர் குல்லாயைக் கழற்றினார். காதுக்குப் பின்னால் விரலால் துழாவி, பொத்தானை அழுத்தினார்.

ஒரு பீப்.