கூம்புப்பூவும் பச்சைப் பெயிண்டும்

புல்வெட்டி வண்டியின் உறுமல் கேட்டு நார்மா வாசலுக்கு ஓடிவந்தாள். குடியிருப்புச் சங்கத் தலைவர் வெர்னன் அவளது ஊதாக் கூம்புப்பூப் பாத்திக்கு நேராக வண்டியோடு நின்றார்.

அமெரிக்காவின் கான்சஸில் அந்தக் கோடை முழுக்க மழை இல்லை. புல்லுக்குத் தண்ணீர் விடவும் தடை. ஆனாலும் முன்வாசல் புல் பச்சையாக இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். அதனால் தெருவே காய்ந்த புல்லுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது. வெர்னனின் ஷூ நுனியும் பச்சைதான்.

"களையை வெட்டிடறேன், நார்மா. தெரு மானம் போகுது."

"களையா? குளிருக்கு முன்னாடி விதை தூவி, முதல் வருஷம் வெறும் இலையைப் பார்த்துப் பொறுத்திருந்து பூக்க வச்சது, வெர்னன்! உரம் போட்டா சாஞ்சிடும். வேர் பிடிச்சுட்டா தண்ணியே கேட்காது. உங்க புல்லு மாதிரி மேக்கப்பும் கேட்காது!"

வெர்னன் வண்டியை அணைத்தார். குனிந்து ஓர் இதழைத் தேய்த்துத் தன் விரலைப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை. தெருவில் யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சரி, வெட்டலை. கையில ஒட்டாத இந்த ஊதா எந்தக் கடைப் பெயிண்டுன்னு மட்டும் சொல்லிடுங்க."