கொள்ளிடத்துத் திட்டில் ஒரு கலயம்

நனையாமலும் தொலையாமலும் ஒரு சாமானைக் கொண்டுபோக வேண்டுமா, சக்ரபாணியைக் கேள் என்பார்கள் ஸ்ரீரங்கத்தில். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். குடைக்கு உறை தைத்துப் போட்ட மனுஷன் அவர். மழை வந்தால் குடை வீணாகிவிடுமே என்று, உறையோடு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாம் தொப்பலாக நனைந்து வருவார். திருச்சிராப்பள்ளியில் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா. அங்கேயும் மைக்கூடு முதற்கொண்டு பூட்டுக்குள்தான்.

அப்பேர்ப்பட்டவர் கையில் தம்பி கல்யாணத்துத் திருமாங்கல்யம் வந்து சேர்ந்தது. சுமங்கலியாகப் போன அம்மாவின் கழுத்தில் கடைசி வரை கிடந்த பொன்னை உருக்கிச் செய்தது. அம்மா போனபோது தம்பி அழகியமணவாளனுக்கு எட்டு வயசு. வளர்த்து ஆளாக்கியதெல்லாம் இவர்தான். தட்டான் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்து, கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில்தான் கொடுத்தான். வீட்டு மனுஷர்கள் எல்லோரும் ஏற்கெனவே கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருந்த பெண் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கொள்ளிடத்துக்குச் சாலைப் பாலம் வராத காலம் அது. ஆவணி மாசத்து வெள்ளம். நடுவில் ஒரு மணல் திட்டு மட்டும் தலை நீட்டிக்கொண்டிருந்தது. திட்டு வரைக்கும் ஒரு பரிசல், அங்கே இறங்கி நடந்து, அக்கரைக்கு இன்னொரு பரிசல். போன மாசம்தான் அந்தத் துறையில் ஒரு நகை முடிச்சு களவு போயிருந்தது.

சக்ரபாணி உட்கார்ந்து யோசித்தார். சின்ன மண்கலயம் ஒன்று வாங்கி வந்தார். திருமாங்கல்யத்தை மெழுகுத் துணியில் சுருட்டி உள்ளே வைத்து, கலகலக்காமல் இருக்க மணலைப் போட்டு அமுக்கினார். வாயை வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டி அரக்கு உருக்கி ஊற்றினார். அம்மாவின் அஸ்தியைக் கரைக்கக் கொண்டுபோனபோது அவர் கையாலேயே கட்டிய கட்டு அது. பார்க்கிறவன் எவனும் அஸ்திக் கலயம் என்றுதான் சொல்வான். அதுதான் சூட்சுமமே. அஸ்தியை எந்தத் திருடன் தொடுவான்?

மங்கள வஸ்துவுக்கு இப்படி ஒரு கோலமா என்று மனசு இடறத்தான் செய்தது. பெண் வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணமே நின்றுபோகும். அவர்கள் வாசலை அடையும் முன்பே கலயத்தை உடைத்துவிட்டுத் தட்டில் எடுத்துப் போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தம்மைத் தாமே சமாதானப்படுத்திக்கொண்டார். புத்தி முற்றிப்போனால் இப்படித்தான், என்ன செய்ய!

பரிசல்காரன் ஆண்டி, சாமான்களை நடுவில் வைக்கச் சொல்லிக் கலயத்துக்குக் கை நீட்டினான். சக்ரபாணி குரலைத் தாழ்த்தி, அஸ்தி என்றார். ஆண்டி சட்டென்று தலைத்துண்டை அவிழ்த்தான். யாருங்க சாமி என்று கேட்டான். அம்மா என்று வாய் கூசாமல் சொன்னார். ஆண்டி அவிழ்த்த துண்டைச் சும்மாடாகச் சுருட்டிப் பரிசலின் நடுவில் வைத்து, அதன்மேல் கலயம் ஆடாமல் உட்கார இடம் பண்ணிக் கொடுத்தான். துடுப்பு போடும்போதும் அதன் பக்கம் கால் நீட்டவில்லை.

திட்டில் இறங்கியதும் சக்ரபாணிக்கு வயிறு பிசைந்தது. காலையிலிருந்து இருந்த பதற்றம் வேறென்ன செய்யும்? மாங்கல்யத்தோடு அந்தக் காரியத்துக்குப் போகக் கூடாது. மேட்டு மணலில் கலயத்தை வைத்துவிட்டு, பூணூலைக் காதில் மாட்டிக்கொண்டு நாணலுக்குப் பின்னால் ஒதுங்கினார். ஆண்டி அடுத்த சவாரிக்குத் திரும்பிப் போய்விட்டான். காரியம் முடிந்த பிறகும் மண் எடுத்துக் கை கால் தேய்த்து, பன்னிரண்டு தடவை வாய் கொப்பளிக்க வேண்டும் அவருக்கு. ஒன்பதாவது கொப்பளிப்பில் யாரோ, “அங்கே யாராவது இருக்கேளா?” என்று கூப்பிட்டார்கள். இரண்டு தடவை கூப்பிட்டார்கள். காதில் பூணூல் இருக்கும்போது பேசலாமா? மௌனமாக மிச்சத்தையும் கொப்பளித்தார்.

திரும்பி வந்தால் கலயம் இல்லை.

திட்டு முழுக்க ஓடினார். மணலைக் கையால் தோண்டினார். கண்ணெதிரே ஒரு ஜீவன் கிடையாது, தூரத்தில் ஆண்டியின் பரிசல் மட்டும் நடு ஆற்றில் தெரிந்தது. கூப்பிட்டவர் யாரோ வழிப்போக்கர், அஸ்திக் கலயத்தைத் தொட்டிருக்க மாட்டார். ஆண்டியைத் தவிரக் கலயத்தைத் தெரிந்தவன் யார்? அவன் ஆளேற்றிக்கொண்டு வந்து சேர்ந்ததும் பாய்ந்து சட்டையைப் பிடித்தார், உள்ளே இருந்தது திருமாங்கல்யமடா என்று அலறினார். ஆண்டி மலைத்துப்போய் நின்றான். அஸ்தின்னுதானே சொன்னீங்க சாமி என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். கூட வந்தவர்கள் பரிசலில் தேடினார்கள், இல்லை. கூட்டாளியிடம் கை மாற்றியிருப்பான் என்றார் சக்ரபாணி. அவர் கொடுத்த அங்கவஸ்திரத்தாலேயே அவன் மணிக்கட்டைக் கட்டி, அக்கரை முன்சீப்பின் சாவடிக்கு இழுத்துப் போனார்கள். முடிச்சை அவரே இன்னொரு தரம் இறுக்கினார்.

சாவடி பெண் வீட்டுக்கு அடுத்தாற்போல். திருமாங்கல்யம் திருட்டுப் போய்விட்டது என்று கேட்டதும் பந்தலில் சமையல்காரர் முதல் எல்லோரும் விக்கித்துப்போனார்கள். கலயத்தைப் பற்றி மட்டும் சக்ரபாணி மூச்சு விடவில்லை. ஒரு முடிச்சு என்று சொல்லி வைத்தார். ஆண்டி அஸ்தி அஸ்தி என்று சொன்னதைத் திருட்டுப்பயலின் உளறல் என்று சாவடியில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முகூர்த்தம் முடிந்ததும் ஆண்டியைப் போலீசில் ஒப்படைப்பது என்று முடிவாயிற்று. சாவடியிலிருந்து தலையாரியின் அதட்டலும், அதைத் தொடர்ந்து விழுந்த ஓர் அடியின் சத்தமும் பந்தல் வரைக்கும் கேட்டன.

பொழுது சாயும் நேரத்துக்குப் பெண்ணின் தாய்மாமா வேதாந்தம் ஈர வேஷ்டியோடு வந்தார். கோவிலில் பாராயணம் பண்ணுகிறவர். உள்ளே வராமல் கிணற்றடிக்குப் போய் மறுபடி தலைக்கு ஊற்றிக்கொண்டார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார்கள். அவர் முகம் பூரித்துப்போயிருந்தது.

“பெருமாள் இன்னிக்கு எனக்கு ஒரு பாக்கியம் குடுத்தார். கோவில்லேர்ந்து வரச்சே, திட்டுல யாரோ அஸ்திக் கலயத்தை அநாதையா விட்டுட்டுப் போயிருக்கா. காக்கா உக்காந்து கொத்தறது. யாராவது இருக்கேளான்னு ரெண்டு தரம் கூப்பிட்டேன், பதிலே இல்லை. மனசு கேக்கலை. திட்டோட கீழ்க்கோடியில வேற பரிசல் பிடிச்சு, நடு ஆத்துல கட்டைப் பிரிக்காமலே கரைச்சுட்டேன். அப்புறம் ஸ்நானம், நூத்தியெட்டு காயத்ரி.”

அந்தக் குரல். நாணலுக்குப் பின்னால் கேட்ட அதே குரல். சக்ரபாணி பந்தற்காலைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் பொன் போயிற்று. அதுவும் அஸ்தியாகவே போயிற்று. எல்லோரும் வேதாந்தத்தைக் கோடி யாகம் பண்ணின புண்ணியம் என்று கொண்டாடினார்கள். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, தம்பி கல்யாணம் குறைவில்லாமல் நடக்கும். ஆண்டி ஜெயிலுக்குப் போவான், அவ்வளவுதான்.

பக்கத்துச் சாவடியில் இன்னோர் அடி விழுந்தது.

“அவனை அடிக்க வேண்டாம்னு சொல்லுங்கோ. அந்தக் கலயம் என்னுது. அதுக்குள்ளதான் திருமாங்கல்யம் இருந்தது. திருடன் தொடக் கூடாதுன்னு நான்தான் அஸ்தின்னு சொன்னேன்.”

வேதாந்தம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெண்ணைப் பெற்றவர் சக்ரபாணி கிட்டே வந்து, மெல்லத்தான் கேட்டார்.

“மாங்கல்யத்தை, வாயால, அஸ்தின்னு சொன்னேளா?”

அழகியமணவாளன் அண்ணாவை ஒரு தரம் பார்த்தான், பிறகு பார்க்கவில்லை.

பெரியவர்கள் வெகுநேரம் வாதாடினார்கள். கல்யாணம் நிற்கவில்லை. நூலில் மஞ்சள் கிழங்கைக் கட்டினால் போதும், சாஸ்திரத்துக்குக் குறைவில்லை என்று தீர்த்தார்கள். பெண்ணின் தாயார் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: முகூர்த்த சமயத்தில் அந்த மனுஷர் பந்தலில் நிற்கக் கூடாது. தூக்கி வளர்த்த தம்பியின் கெட்டிமேளத்தைச் சக்ரபாணி தெருமுனையில் நின்றுதான் கேட்டார்.

மறுநாள் பெண் மாப்பிள்ளையோடு எல்லோரும் திரும்பினார்கள். திட்டில் ஆண்டி பரிசலோடு காத்திருந்தான். கன்னம் வீங்கியிருந்தது, மணிக்கட்டில் அங்கவஸ்திரத்தின் தடம் செக்கச்சிவக்கத் தெரிந்தது. ஒவ்வொருவர் சாமானாகக் கை நீட்டி வாங்கி நடுவில் அடுக்கினான். சக்ரபாணி எல்லோருக்கும் கடைசியில் வந்தார். முந்தாநாள் சாவடியில் அவனை அவிழ்த்துவிட்டபோதே காலில் விழாத குறையாகக் கெஞ்சியாயிற்று. உறை போட்ட குடையை அவனிடம் நீட்டினார்.

ஆண்டி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“நீங்களே வெச்சுக்குங்க சாமி. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது.”