பதினோரு வீடுகளின் அத்தியாயம்

கல்யாணமாகி வந்த முதல் வாரமே மருமகளின் காதில் விழுந்த பெயர், "முதல் கையெழுத்து". மாமனாரைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

ஆற்றுப் பள்ளத்தாக்கைத் தேசியப் பூங்காவாக்க அதிகாரிகள் வந்தபோது, கீழே கரையோரம் குடியிருந்த பதினோரு வீட்டாரும் நகர மாட்டோம் என்றார்கள். படகோட்டியான அவர்தான் காலி செய்யச் சம்மதித்து முதலில் கையெழுத்துப் போட்டார். அவரை நம்பி மற்றவர்களும் போட்டார்கள். "அஞ்சு வருஷம் மீன் பெருகட்டும், அப்புறம் கோடைக்குக் கோடை இறங்கி வந்து பிடிச்சுக்கலாம்" என்று அன்றைய பூங்கா இயக்குநர் ஒரு கடிதத்தை வாசித்துச் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நாற்பது வருஷமாயிற்று. கோடையில் இறங்குகிறவர்கள் அனுமதிச் சீட்டு வாங்கிய படகுச் சவாரிக்காரர்கள் மட்டும்தான். மேலே தகரக்கூரை வரிசையில் குடியேறிய பத்து வீட்டாரும் அவருக்கு முகம் கொடுப்பதில்லை.

மருமகளுக்குப் பூங்கா அலுவலகத்தில் ஆவணக் காப்பாளர் வேலை. நாற்பதாம் ஆண்டு மலருக்காகப் பழைய கோப்புகளைத் தூசி தட்டியபோது அந்தக் கடிதத்தின் கார்பன் நகல் கிடைத்தது. கோடை மீன்பிடி உரிமை, எழுத்திலேயே இருந்தது. அவள் ஒரு அத்தியாயமே எழுதினாள். எழுத எழுதச் சாப்பாட்டு மேசையில் மாமனாருக்கு வாசித்துக் காட்டினாள். கண் பார்வை போய்விட்ட மனிதர், சுழல்களின் பெயர்களைத் திருத்திச் சொன்னார்.

இப்போதைய இயக்குநர் அந்தப் பக்கங்களை ஒரே கோடாக அடித்தார்.

"அடுத்த பத்து வருஷத் திட்டம் மேலிடத்துல ஒப்புதலுக்கு இருக்கு. இப்பப் போய் இத அச்சடிச்சா அந்த வீட்டுக்காரங்க கேஸ் போடுவாங்க. சும்மா கெடந்த சங்க எதுக்கும்மா ஊதணும்?"

வீட்டில் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

வெளியீட்டு விழாவுக்கு மாமனார் சட்டையைத் தேய்க்கச் சொல்லிப் போட்டுக்கொண்டு வந்தார். மலர் கைக்கு வந்ததும், "நம்ம பக்கத்த எடும்மா. அச்சுல எப்படி வந்திருக்குன்னு கேக்கணும்" என்றார்.

"நாப்பத்தொண்ணாம் பக்கம் மாமா" என்று அவள் பிரித்தாள். பாறைச் சுவர்களுக்கிடையே ஆறு பாயும் படம். கீழே ஒரே வரி: 'பூங்கா அமையும் முன் இங்கு மனித நடமாட்டம் இல்லை.'

அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே, அடித்துவிட்ட அத்தியாயத்தை மனப்பாடமாக ஒப்பித்தாள். அவர் முடிவுவரை தலையாட்டிக் கேட்டார். எழுந்து, தடவித் தடவிப் போய் இயக்குநரின் கையைப் பிடித்தார்.

"ஐயா, நான் பொய் சொல்லி யாரையும் கூட்டிட்டு வரலன்னு ஊருக்கே சொல்லிட்டீங்க. நீங்க நல்லா இருக்கணும்."

இயக்குநர் ஒரு கணம் மருமகளைப் பார்த்தார். பிறகு கிழவரின் தோளைத் தட்டினார். "எங்க கடமைங்க."

"வீட்டுக்கு ஒண்ணா பத்து புத்தகம் கெடைக்குமா?"

"தாராளமா."

மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது அவரையும் காணோம், புத்தகப் பையையும் காணோம். ஈரத்தலையோடு ஓடினாள். வரிசையின் முதல் வீடான தையல்காரி வீட்டு வாசலில் அவர் கைத்தடியை ஊன்றி நின்றிருந்தார்.

"நாப்பத்தொண்ணாம் பக்கம்மா. உங்கப்பா பேரு மொதல்லயே வரும்."

தையல்காரி பக்கத்தைப் பார்த்தாள். திருப்பினாள், மறுபடி பார்த்தாள்.

"பெரியவரே, இங்க யாருமே இருந்ததில்லன்னுல்ல போட்டிருக்கு?"

அவர் சிரித்தார். "சரியாப் பாரும்மா."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கு எங்கப்பாவ ஏமாத்துனீங்க. இன்னிக்கு புத்தகத்தக் கொண்டாந்து என்கிட்டயா?"

கதவு சாத்திக்கொண்டது. மருமகள் பையை வாங்கக் கை நீட்டினாள். அவர் விடவில்லை.

"மாமா, அந்த அத்தியாயத்த அவங்க எடுத்துட்டாங்க. உங்ககிட்டச் சொல்ல மனசு வரல."

அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு அந்த இயக்குநரும் இப்படித்தான் ஒரு காகிதத்தப் பாத்து அழகா வாசிச்சான்" என்றார். "நீயும் அந்த ஆபீஸ்தானேம்மா."

அவள் பிடிக்கவந்த கையை விலக்கிவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். பாதை வளைவில் ஒருமுறை தடுமாறினார். அப்போதும் அவளைக் கூப்பிடவில்லை.

ஒன்பது மணிக்கு அவள் அலுவலகத்தில் இருந்தாள். மலரின் பிரதிகளை நூலகங்களுக்கு அனுப்ப முகவரி ஒட்டச் சொல்லியிருந்தார்கள். ஒட்டினாள்.